ப்ரெசெனிலினை நிறுத்திட்டா அல்சைமர் நின்னுடாதா?

மூணாம்வருஷ_பயோடெக்:
நாளன்னைக்கு செமினார், தைரியமா ப்ரெசெனிலின்னு தலைப்பு குடுத்துத் தொலைச்சிட்டேன், இப்ப ஒரு இடத்துல முட்டிக்கிட்டு நிக்கிறேன். அல்சைமர்ல மூளையில அமிலாய்ட்னு ஒரு புரதத் துண்டு படியுது, அந்த அமிலாய்டை ஏபிபி புரதத்துல இருந்து கடைசியா வெட்டி எடுக்குறது காமா செக்ரிடேஸ்னு ஒரு கத்தரி மாதிரி என்சைம், அதோட வெட்டுற பல்லே ப்ரெசெனிலின்தான். அப்ப பல்லைப் புடுங்கிட்டா கதை முடிஞ்சுதே? ஏன் இன்னும் மருந்து வரல? சார்கிட்ட கேட்டா "நீயே படிச்சுட்டு வா"ங்கிறார்.

லேப்_எலி:
தம்பி, அதைப் பண்ணிப் பாத்துட்டாங்க. செமகாசெஸ்டாட்னு எலி லில்லி கம்பெனி மருந்து, காமா செக்ரிடேஸை அடக்குறது. 2010 ஆகஸ்ட்ல ஃபேஸ் 3 ட்ரயலை (நிறைய நோயாளிகளுக்குக் குடுத்துப் பாக்குற கடைசிக் கட்ட சோதனை) பாதியிலயே நிறுத்திட்டாங்க, ஏன்னா மருந்து சாப்பிட்டவங்களுக்கு ஞாபகம் தேறுறதை விடுங்க, டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களை விட மோசமாப் போச்சு, கூடவே தோல் புற்றுநோயும் கூடிடுச்சு. காரணம் என்னன்னா இந்தக் கத்தரி ஏபிபியை மட்டும் வெட்டுறது கிடையாது, நாட்ச்னு ஒரு புரதம் இருக்கு, செல்லு எப்ப வளரணும் என்னவா மாறணும்னு சேதி சொல்றது, அதையும் இதுதான் வெட்டி விடணும். ப்ரெசெனிலின் 1 சுத்தமா இல்லாத எலிக்குட்டி பொறந்த கையோட செத்துடும். (நான் எலின்னு பேர் வச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.)

மூணாம்வருஷ_பயோடெக்:
அண்ணா அப்ப ப்ரெசெனிலின் ஜீன்ல ம்யூட்டேஷன், அதாவது மாற்றம் வந்தா கத்தரி ரொம்ப கூர்மையாகி நிறைய வெட்டுதுன்னு ஸ்லைடுல போடலாமா

லேப்_எலி:
ஐயையோ போட்டுடாத, எல்லாரும் விழுற குழி அது. பெரும்பாலும் நேர் எதிர், கத்தரி மொக்கையாகுது. இது ஒரே வெட்டா வெட்டாது. முதல்ல 48 இல்லன்னா 49 அமினோ அமிலம் நீளத்துல ஒரு துண்டு, அப்புறம் அதையே புடிச்சுக்கிட்டு மூணு மூணா நறுக்கிக்கிட்டே வரும், 49, 46, 43, 40. இன்னொரு வரிசை 48, 45, 42. ம்யூட்டேஷன் உள்ள ப்ரெசெனிலின் இந்த நறுக்குற வேலையைப் பாதியில விட்டுடும், அதனால 40க்கு எதிர்ல 42 மாதிரி நீளமான துண்டோட விகிதம் ஏறுது, மொத்த அளவு கம்மியாகூட இருக்கலாம். அந்த 42தான் பிசுபிசுன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு படியுற சனியன். இல்ல, ப்ரெசெனிலின் வேலை செய்யாததே நரம்பைக் கெடுக்குதுன்னு இன்னொரு கட்சியும் இருக்கு, சண்டை இன்னும் ஓயல. வைவால கேட்டா ரெண்டையும் சொல்லு.

தூக்கம்வராதவன்:
செமினாருக்கு கொலம்பியா கதையைச் சேத்துக்கப்பா, ஹால்ல ஒருத்தரும் தூங்க மாட்டாங்க. அங்க ஆன்டியோகியா மலைப்பக்கம் ஒரு பெரிய சொந்தபந்தக் கூட்டம், ஆயிரக்கணக்குல, ப்ரெசெனிலின் 1ல 280ஆவது இடத்துல ஒரே ஒரு எழுத்து மாறின கேஸ். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா புள்ளைக்கு வர பாதிக்குப் பாதி சான்ஸ், வந்துட்டா 44 வயசு வாக்குல தடுமாற ஆரம்பிச்சு 49ல முழு மறதி. ஊர்க்காரங்க இதை "லா போபேரா"ன்னு சொல்வாங்க, மந்தபுத்தின்னு வச்சுக்க. ஃபிரான்சிஸ்கோ லோபெரான்னு டாக்டர், 80கள்ல இருந்து 2024ல சாகுற வரைக்கும் இவங்க பின்னாடியே சுத்தினார். அங்க க்ரெனெசுமாப்னு அமிலாய்டைக் குறிவைக்கிற ஊசி மருந்தோட ட்ரயல் நடந்தப்ப 252 பேர்ல ம்யூட்டேஷன் இல்லாதவங்களையும் சேத்து டம்மி ஊசி போட்டாங்க, ஏன் தெரியுமா, ம்யூட்டேஷன் உள்ளவங்களை மட்டும் எடுத்தா கூப்பிட்டதுமே "ஓ எனக்கு இருக்கு"ன்னு தெரிஞ்சுடும்ல, நிறைய பேருக்கு அது தெரிஞ்சுக்க வேண்டாம். ரிசல்ட் 2022ல, ஊத்திக்கிச்சு.
அதே கூட்டத்துல ஒரு அம்மா, அதே ம்யூட்டேஷன், மூளை முழுக்க அமிலாய்ட், ஆனா 70 தாண்டுற வரைக்கும் பெரிய மறதி இல்ல. அபோஈ ஜீன்ல கிறைஸ்ட்சர்ச்னு ஒரு அபூர்வ மாற்றம் ரெண்டு காப்பி இருந்துச்சு, டாவ்னு அல்சைமர்ல நரம்பு செல்லுக்குள்ள முடிச்சுப் போடுற இன்னொரு புரதம் கம்மியாத்தான் பரவியிருந்தது. 2019ல பேப்பரா வந்துச்சு. அப்ப அமிலாய்ட் மட்டும்தான் வில்லனான்னு அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

சேலத்துக்காரி:
சப்ஜெக்ட் புரியல, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அம்மாவுக்கு 76, போன வருஷம்தான் அல்சைமர்னு சொன்னாங்க, அடுப்புல பாலை வச்சுட்டு எதுக்கு வச்சோம்னு நின்னுட்டு இருப்பாங்க. ஒரு லேப்ல ஜீன் டெஸ்ட்டுன்னு பெரிய தொகை சொல்றாங்க, எனக்கும் தங்கச்சிக்கும் எடுக்கணுமா?

லேப்_எலி:
அக்கா, ப்ரெசெனிலின் ம்யூட்டேஷன்லாம் மொத்த அல்சைமர்ல நூத்துக்கு ஒண்ணுகூட கிடையாது, அதுவும் 30, 40, 50னு சின்ன வயசுலயே வரும், தலைமுறை தலைமுறையா. அம்மாவோட அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க யாருக்காச்சும் அப்படி வந்திருக்கா?

சேலத்துக்காரி:
இல்லப்பா, ஆயா 90 வரைக்கும் வட்டிக்கணக்கு வாயாலயே சொல்லுவாங்க.

லேப்_எலி:
அப்ப நான் அந்தக் காசைக் கட்ட மாட்டேன் அக்கா. ஆனா என் பேச்சை மட்டும் வச்சுக்காதீங்க, அம்மாவைப் பாக்குற நரம்பு டாக்டர்கிட்ட குடும்பக் கதையைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அடுப்புக்கு முதல்ல ஒரு வழி பண்ணுங்க, சிலிண்டர் வால்வை மூடிட்டுத்தான் வெளிய போகணும்.