கலைச்சொல் தேவை: தெருப்பள்ளம் நிரப்பும் விதிகளில் வரும் ‘லிஃப்ட்’

அனைவருக்கும் வணக்கம்.

தெருவைத் தோண்டிக் குழாயோ கம்பிவடமோ பதித்தபின் பள்ளத்தை எப்படி நிரப்ப வேண்டும், மேற்பரப்பை எப்படித் திரும்பப் போட வேண்டும் என்று நகராட்சிகள் வகுக்கும் விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘பேக்ஃபில்’லுக்கு மீள்நிரப்பு, பள்ளத்தின் ஓரத்துப் பழைய தாரைக் கூடுதலாக வெட்டியெடுக்கும் ‘கட்பேக்’குக்கு விளிம்புவெட்டு என்று வைத்திருக்கிறேன். ‘லிஃப்ட்’டில்தான் வேலை நிற்கிறது.

விதி சொல்வது: நிரப்பு மண்ணை, இறுக்கியபின் 150 மி.மீ.க்கு மிகாத ‘லிஃப்ட்’களாக இட வேண்டும், ஒன்றை இறுக்கி முடிக்காமல் அடுத்ததை இடக் கூடாது. ‘அடுக்கு’ என்று போட்டுப் பார்த்தேன். அதே விதியில் சல்லி அடுக்கு, தார் அடுக்கு எல்லாம் வருவதால் எது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் போகிறது. ‘ஏற்றம்’ என்றால் யாருக்கும் விளங்காது. வேறு சொல் உண்டா?

-----

> ‘அடுக்கு’ என்று போட்டுப் பார்த்தேன்.

வணக்கம் அம்மா. அடுக்கு போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் குழப்பம் மட்டுமே காரணமில்லை. சல்லி அடுக்கும் தார் அடுக்கும் வேலை முடிந்தபின் சாலையில் இருப்பவை; குறுக்கே வெட்டிப் பார்த்தால் தனித்தனியாகத் தெரியும். ‘லிஃப்ட்’ அப்படியல்ல. சரியாகச் செய்த மீள்நிரப்பை வெட்டிப் பார்த்தால் எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்றே தெரியக் கூடாது. அது வேலையின் அலகு: ஒருமுறை கொட்டி, பரப்பி, ஈரம் பார்த்து, இறுக்கி, சோதித்து முடிக்கும் அளவு மண்.

இந்த விதி எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லில் கொண்டுவர முடிந்தால் நல்லது. பள்ளத்தில் நுழையக்கூடிய சிறு கருவிகளின் அடி ஆழமாகப் போகாது. ஒரு மீட்டர் மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மேலே எவ்வளவு நேரம் இடித்தாலும், மேற்பக்கம் ஒரு சாண் கெட்டிப்படும். அதற்குக் கீழே கட்டிகளுக்கு இடையே வெற்றிடம் அப்படியே கிடக்கும். மேலே சோதனை செய்தால் தேறிவிடும். முதல் பெருமழையில் நீர் இறங்கி, கட்டிகள் இளகி, வெற்றிடங்கள் மூடிக்கொள்ளும்போது மேற்பரப்பு தாழும். 1.2 மீட்டர் நிரப்பில் 5 விழுக்காடு தாழ்ந்தாலே 60 மி.மீ. பள்ளம், இரு சக்கர வண்டியைக் கவிழ்க்க அது போதும். அதே ஆழத்தை 150 மி.மீ. வீதம் இட்டால் எட்டு முறை இறுக்க வேண்டும். அவசரத்தில் இந்த எட்டுதான் இரண்டாகச் சுருங்குகிறது. ‘மேடாக விட்டால் வண்டிகள் ஓடி அழுத்திவிடும்’ என்று விடுவதும் இதே கோளாறு, ஏனென்றால் சக்கரமும் மேல்மண்ணைத்தான் அழுத்தும்.

ஆகவே என் முன்மொழிவு: திமிசடுக்கு. தரையை இடித்துக் கெட்டிப்படுத்தும் கட்டைக்குத் திமிசு என்று நம்மிடம் பெயர் இருக்கிறது, ‘திமிசு போட்டாச்சா?’ என்று கட்டட வேலையில் கேட்பதும் உண்டு. திமிசு போட வேண்டிய அடுக்கு திமிசடுக்கு. போடாதது வெறும் மண். இறுக்கும் கடமை சொல்லிலேயே இருப்பதால், ‘எட்டு அடுக்காகத்தான் கொட்டினோம்’ என்று யாரும் தப்பிக்க முடியாது.

-----

சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு தடைகள்.

முதலாவது, இன்று கட்டையால் யாரும் இடிப்பதில்லை. களிமண்ணுக்குக் குதித்துக் குத்தும் ‘ராமர்’ எந்திரம், மணலுக்கும் பொடிச்சல்லிக்கும் அதிரும் தட்டு. இந்த வேறுபாட்டை விதி அழுத்திச் சொல்ல வேண்டும்: களிமண்ணைத் தட்டால் அதிரவைத்தால் கட்டிகள் உடையாது, மணலைக் குத்தினால் பக்கவாட்டில் ஒதுங்கிப் போகும். திமிசு என்ற சொல் குத்தும் கருவியை மட்டும் குறிப்பதாக யாராவது வாதிடலாம்.

இரண்டாவது, நீர்போல ஊற்றும் நிரப்புக் கலவை. கொஞ்சம் சிமென்ட், சாம்பல், மணல், நிறைய நீர். தானே பரவி மட்டமாகும், இறுக்கவே தேவையில்லை. குறுகலான பள்ளத்துக்கும், கம்பிவடங்கள் பின்னிக் கிடக்கும் இடத்துக்கும் அதுதான் பொருத்தம். அதையும் சில இடங்களில் பகுதி பகுதியாக ஊற்றச் சொல்வார்கள், ஏனென்றால் குழாய் மிதந்துவிடும். 300 மி.மீ. வெளிவிட்டமுள்ள வெற்றுக் குழாயை கன மீட்டருக்கு 2,000 கிலோ எடையுள்ள கலவை முழுக்க மூடினால், மீட்டருக்குக் கிட்டத்தட்ட 140 கிலோ மேலே தள்ளும். பிளாஸ்டிக் குழாயின் சொந்த எடை அதற்கு ஈடு கொடுக்காது. அந்தப் பகுதிகளைத் திமிசடுக்கு என்று சொல்ல முடியாதே?

கூடவே ஒரு கேள்வி. குழாயின் அடிப்பாதியின் இருபுறமும், குழாய் அமரும் படுகைக்கும் குழாய் வளைவுக்கும் நடுவே வரும் இடுக்குக்கு ‘ஹாஞ்ச்’ என்று பெயர். ‘இடுப்பு’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன். இடுப்பு அங்கே இல்லை. ‘கக்கம்’ எப்படி? கையைத் தாழ்த்தினால் மூடிக்கொள்ளும் இடம், எதையாவது திணிக்க வேண்டுமானால் பக்கவாட்டில்தான் திணிக்க வேண்டும். பள்ளத்தில் சரியாக நிரப்பப்படாமல் விடுபடுவதும் அந்த இடம்தான். மேலிருந்து கொட்டிய மண் அங்கே போகாது. மண்வெட்டியின் முனையால் இருபுறமும் சமமாகக் குத்தித் திணித்தால்தான் நிறையும். நிறையாவிட்டால் வளையும் குழாய் சப்பையாகும். பொதுவாக விட்டத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் வளைவை ஏற்பதில்லை.

-----

கக்கம் மிகப் பொருத்தம். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஊற்றும் கலவைக்குப் ‘பாய்நிரப்பு’ என்றும், அதன் பகுதிகளுக்கு ‘ஊற்று’ என்றும் தனியாக வைத்துவிடலாம்: முதல் ஊற்று, இரண்டாம் ஊற்று. திமிசடுக்கு அங்கே வராமல் இருப்பதே நல்லது. எங்கே இறுக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று சொல்லைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பாய்நிரப்பின் வலிமைக்கு விதியில் மேல்வரம்பு எழுத மறக்காதீர்கள். வலிமை கூடக்கூட நல்லது என்று நினைத்துச் சிமென்டைக் கூட்டினால் நாளைக்கு அந்தக் குழாயைத் தோண்டி எடுக்க முடியாது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமை 0.3 மெகாபாஸ்கல் வரை இருந்தால் கைக்கருவியால் தோண்டலாம், 2.1-ஐத் தாண்டினால் அதைத் தோண்டக்கூடிய நிரப்பு என்றே கணக்கில் கொள்வதில்லை.

எந்திரம் பற்றிய தடைக்கு: பெயர் செய்கைக்கு, கருவிக்கு அல்ல. ஒரு மண் எவ்வளவு அடர்த்திக்கு இறுகும் என்று காண, 1933-இல் பொறியாளர் பிராக்டர் வகுத்த ஆய்வகச் சோதனையின் அடிப்படையே இதுதான். அச்சுக்குள் மண்ணை மூன்று தடவையாக இட்டு, ஒவ்வொன்றையும் 2.5 கிலோ சுத்தியலை 305 மி.மீ. உயரத்திலிருந்து 25 முறை விட்டு இடிப்பார்கள். ஆய்வகத்திலும் திமிசடுக்கு மூன்று. எந்திரமா கையா என்பது பொருட்டில்லை.

அந்தச் சோதனையை ஒட்டி இன்னொரு ஓட்டையையும் அடைக்க வேண்டும். ‘95 விழுக்காடு இறுக்கம்’ என்று மட்டும் எழுதும் விதிகள் பல. எந்தச் சோதனையில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95? பின்னால் வந்த ‘திருத்திய பிராக்டர்’ சோதனையில் சுத்தியல் 4.5 கிலோ, உயரம் 457 மி.மீ., அடுக்கு ஐந்து. மண்ணுக்குள் போகும் ஆற்றல் சுமார் நாலரை மடங்கு. அதில் கிடைக்கும் உச்ச அடர்த்தியும் கூடுதல், அதற்குத் தேவைப்படும் ஈரமும் குறைவு. சோதனையின் பெயரைச் சொல்லாத 95, ஒப்பந்தக்காரர் விரும்பும் 95 ஆகிவிடும்.

-----

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘மீள்நிரப்பு’ ஏன்? குழியைத் தூர்த்தான், கிணற்றைத் தூர்த்தான் என்று நல்ல வினை இருக்கிறதே. ‘தூர்ப்பு’ என்று வைத்தால் சுருக்கமாகவும் இருக்கும். மீள்நிரப்பு என்றால் எடுத்த மண்ணையே திரும்பப் போடுவது என்று பொருள்படுகிறது; பல இடங்களில் எடுத்த மண் ஆகாது என்பதுதானே விதி?

-----

ஐயா, தூர்த்தல் அழகான சொல், ஆனால் தூர்த்த கிணறு இனி கிணறு இல்லை. ஒன்றை இல்லாமலாக்குவதற்கான சொல் அது. இதே விதிகளில் அதற்கும் இடமிருக்கிறது: பயன்பாட்டிலிருந்து நீக்கிய பழைய குழாயை அப்படியே விட்டால் துருப்பிடித்து உள்ளே சரிந்து மேலே தெரு அமிழும்; ஆகவே அதைக் கலவையால் அடைத்துவிடச் சொல்வார்கள். அதற்குத் ‘தூர்ப்பு’ என்று வைத்துக்கொள்கிறேன், மிக நன்றி. பள்ளத்துக்கு மீள்நிரப்பு இருக்கட்டும். எடுத்த மண் எப்போது ஆகும், எப்போது ஆகாது என்பதைத் தனி வரியாக எழுதுகிறேன்: வேர், குப்பை, தார்க்கட்டி, சேறு கலந்தது ஆகாது, குழாயின் உச்சிக்கு மேல் 300 மி.மீ. வரை கல் கலந்தது ஆகாது.

‘பேக்ஃபில்’லை அப்படியே மொழிபெயர்த்த ‘பின்நிரப்பு’ வேண்டாம் என்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். தாங்குசுவருக்குப் பின்னே கொட்டும் மண்ணுக்கு அது சரி. தெருப்பள்ளத்தில் ‘பின்’ என்று ஒரு பக்கம் இல்லை.

இப்போதைக்கு வரைவு இப்படி:

திமிசடுக்கு: மீள்நிரப்பில் ஒரே தடவையாக இட்டு, பரப்பி, ஈரம் சரிசெய்து, கையாலோ எந்திரத்தாலோ இறுக்கி, அடுத்ததை இடுமுன் ஏற்பு பெற வேண்டிய மண். தடிமன் இறுக்கியபின் அளக்கப்படும்.

கக்கம்: படுகைக்கு மேல், குழாயின் நடுமட்டத்துக்குக் கீழ், இருபுறமும் உள்ள இடுக்கு. கைக்கருவியால் மட்டுமே நிரப்ப வேண்டும்.

-----

வரைவு நன்று. ‘தடிமன் இறுக்கியபின்’ என்ற வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். உதிரியாக 200 மி.மீ. இட்டால் இறுகி 150 அளவில் நிற்கும். எந்த நிலையில் அளப்பது என்று சொல்லாத விதியில் இந்த 50 மி.மீ. எப்போதும் தகராறாகும்.

இன்னும் இரண்டு சேருங்கள். பள்ளத்தின் பக்கச் சரிவைத் தடுக்க நிறுத்திய பலகைகளை நிரப்பி முடித்தபின் உருவினால், அவை இருந்த இடம் முழுக்க வெற்றிடமாகும், பக்கத்தில் இறுக்கிய மண்ணும் தளரும். ஒவ்வொரு திமிசடுக்கையும் இறுக்குவதற்கு முன் பலகையை அந்த அளவு உயர்த்த வேண்டும். அடுத்து, நீர் பாய்ச்சி மண்ணை அமர வைக்கும் முறையைக் களிமண்ணில் வெளிப்படையாகத் தடை செய்யுங்கள். நீர் வடியும் சுத்தமான மணலில் மட்டும் அது ஓரளவு பலிக்கும். களிமண்ணில் சேறுதான் மிஞ்சும்.

விளிம்புவெட்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளம் வெட்டியதுமே கரையோர மண் தளர்ந்து பழைய தார் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். அதனால் இருபுறமும் 300 மி.மீ. கூடுதலாக ரம்பத்தால் நேர்கோட்டில் வெட்டி, கலையாத தரைமேல் புதுத் தாரைத் தாங்க வைக்கிறோம். 600 மி.மீ. பள்ளத்துக்கு 1,200 மி.மீ. ஒட்டு. செங்குத்து முகங்களில் ஒட்டுத்தார் பூசி, இணைப்பைத் தாரால் அடைக்காவிட்டால் நீர் அங்கேதான் இறங்கும்.

-----

எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன், நன்றி. ஒரு சொல் மிச்சம். போக்குவரத்துக்குத் திறந்துவிடக் குளிர்கலவையை (சூடாக்காமல் இடும் தார்க்கலவை) அள்ளிப்போட்டுச் சமன் செய்வதும், பின்னால் அதை முழுவதும் பெயர்த்தெடுத்து நிரந்தரமாகப் போடுவதும் இப்போது ஒரே ‘மூடல்’ என்ற சொல்லில் கிடக்கின்றன. ‘மூடியாயிற்று’ என்று முதல் நாளே எழுதிக் கணக்கை முடித்துவிட அது இடம் தருகிறது. முதலாவதற்கு ‘இடைமூடல்’, இரண்டாவதற்கு ‘மீட்டமைப்பு’ என்று பிரித்திருக்கிறேன். உத்தரவாதக் காலம் மீட்டமைப்பு ஏற்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கும். இடைமூடல் எத்தனை நாள் நிற்கலாம் என்பதைத் தனி விதியாக எழுதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வரைவு அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.