லோகோ போட்டி: மகளின் படத்தில் எதைக் குறைப்பது?

மதுரைக்காரி:
மகள் ஏழாவது படிக்கிறாள். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு லோகோ போட்டி. ஏ4 தாளில் பூமி, மரம், இரண்டு கைகள், மயில், பள்ளிக் கட்டடம் எல்லாம் வந்தாயிற்று. எதையாவது எடு என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். எப்படிச் சொல்வது?

சிவகாசி அண்ணாச்சி:
அச்சகம் வைத்திருக்கிறேன் தங்கச்சி. லெட்டர்ஹெட் அடிக்கக் கொண்டுவருகிற லோகோக்களில் பாதி இப்படித்தான் இருக்கும். கலரை மறந்துவிட்டு, முதலில் கறுப்பு மையில் மட்டும் வரையச் சொல்லுங்கள். அப்புறம் ஜெராக்ஸ் கடையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி அவள் கையில் கொடுங்கள். எது அப்பிப்போகிறதோ அதை அவளே அடித்துவிடுவாள். ஷேடிங் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஸ்டாம்பில் வராது.

வானம்பாடி:
அலாஸ்காவின் கொடியைக் காட்டுங்கள். 1927ல் பள்ளி மாணவர்களுக்கு வைத்த போட்டியில் ஜெயித்தது. வரைந்த பென்னி பென்சனும் ஏழாம் வகுப்புதான்! நீலத் துணி, சப்தரிஷி மண்டலம், துருவ நட்சத்திரம், அவ்வளவே. 1959ல் அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலமான பிறகும் அதே கொடி.

மதுரைக்காரி:
சுருக்கிப் பார்த்தோம் அண்ணாச்சி. மயில் கோழியாகிவிட்டது, அவளே அடித்துவிட்டாள். பள்ளிக் கட்டடம் குறித்துப் பேச்சுவார்த்தை நடக்கிறது.