பட்ஜி கூண்டுக்கு எந்தக் கனத்தில் வலை போடலாம்?

மதுரையில் மொட்டை மாடியில் பட்ஜிகளுக்கு (நம்ம ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பார்களே, அதுதான்) 6 அடிக்கு 4 அடியில் நானே ஒரு கூண்டு அடித்தேன். அரை அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை). எட்டுப் பறவைகள், விட்டு மூன்று வாரம் ஆகிறது.

ஐந்து நாளாக இரண்டு பறவைகள் இறகை உப்பிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. எச்சம் பச்சையாக, தண்ணீராகப் போகிறது. இரண்டுமே நாள் முழுக்கக் கம்பியைக் கடிப்பவை. கிட்டப் போய்ப் பார்த்தால், கம்பிகள் சேரும் இடங்களில் துத்தநாகம் சின்னச் சின்ன மணியாகத் திரண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது.

கட்டும் முன் வினிகர் போட்டுத் தேய்க்காதது என் தப்பு. இப்போது இரண்டு முறை தேய்த்தும் மணிகள் போகவில்லை. பெயின்ட் அடிக்கச் சொன்னார் கடைக்காரர். கடித்தால் அதுவும் வயிற்றுக்குள்தானே போகும்? எட்டையும் பழைய கூண்டுக்கு மாற்றிவிட்டேன். கால்நடை மருத்துவரும் துத்தநாக நஞ்சாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்திருக்கிறார்.

வலையை மொத்தமாக மாற்றி 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடப்போகிறேன். விலைதான் கண்ணைக் கட்டுகிறது. மாடிக்குப் பூனை வேறு வரும். அரை அங்குலக் கண்ணில் 1 மி.மீ. கம்பி தாங்குமா, 1.6 மி.மீ. தான் போட வேண்டுமா?