மறு: ஸ்டாகர்டு ப்ரீதிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பலர் கூடிப் பாடும் சேர்ந்திசையில் ஒலி அறுபடாமல் இருப்பதற்காக, எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்காமல் ஆளுக்கொரு நேரத்தில் மூச்சு எடுப்பதுதான் ஸ்டாகர்டு ப்ரீதிங். நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு என்ன போடலாம் என்று கேட்டதற்குத் தொடர்மூச்சு, மாற்றுமூச்சு, சுழல்மூச்சு, முறைமூச்சு என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முன்னால் பாடுகிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

> அத்தனை பேர் பாடும்போது யாராவது ஒருவர் மூச்சு எடுத்துக்கொண்டுதானே இருப்பார், இதற்கு எதற்குத் தனிச்சொல்?

இல்லை ஐயா, அப்படி நடக்காது. 2025 ஜூலையில் எஸ்தோனியாவின் தாலின் நகரத்தில் பாட்டுவிழா நடந்ததே (1869இல் தார்த்துவில் தொடங்கிய விழா, 2003இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது), அந்த மேடையில் பல்லாயிரம் பேர் ஒன்றாகப் பாடுகிறார்கள். அங்கேகூட ஓர் அடி முடிகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்தேதான் மூச்சு எடுப்பார்கள். ஆள் எண்ணிக்கை கூடினால் அந்த இடைவெளி இன்னும் பெரிதாகத்தான் கேட்கும். இடைவெளியே கேட்கக்கூடாது என்று நடத்துநர் (முன்னால் நின்று கையசைத்துக் குழுவைப் பாடவைப்பவர்) விரும்பினால் அதற்குத் தனியாகப் பழக வேண்டும். எல்லோருக்கும் மூச்சு வாங்கத் தோன்றுகிற இடத்தில் நீங்கள் வாங்கக்கூடாது. பக்கத்தில் நிற்பவர் எடுக்கும்போது எடுக்கக்கூடாது. நீண்ட உயிரெழுத்தின் நடுவில் குரலை மெல்லத் தணித்து விலகி, மூச்சு எடுத்து, விலகியதைவிடச் சன்னமாக உள்ளே வந்து சேர வேண்டும். ‘வா’ என்று நீட்டிக்கொண்டிருக்கும்போது விலகினால் திரும்பி வருவது ‘ஆ’ என்றுதான், மறுபடியும் ‘வா’ என்று வந்தால் அந்த ‘வ்’ காட்டிக்கொடுத்துவிடும். நம் எழுத்தில் மெய்யும் உயிரும் ஒட்டிக்கொண்டே நிற்பதால் தமிழில் பாடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

தொடர்மூச்சு: ரஷ்யர்கள் இதைச் சங்கிலி மூச்சு என்றுதான் சொல்கிறார்கள், அதை ஒட்டி ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். அவர்களுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலய வழிபாட்டில் வாத்தியமே கிடையாது, ஆர்கன் கிடையாது, ஒரு நொடி குரல் அறுந்தால் மூடிமறைக்க ஒன்றும் இல்லை. 1915இல் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவ் எழுதிய இராவிழிப்பு வழிபாட்டு இசையைக் கேட்டால் தெரியும், கீழே பாஸ் என்கிற மிகத் தாழ்ந்த ஆண் குரல்கள் தரை மாதிரி விரிந்து கிடக்கும், எங்கே மூச்சு எடுத்தார்கள் என்றே பிடிபடாது. ஆனால் தமிழில் தொடர்மூச்சு என்றால் மூச்சு தொடர்கிறது என்றுதான் படும். தொடர்வது ஒலி, மூச்சு அல்ல.

மாற்றுமூச்சு என்று எழுதினால் யோகா வகுப்பில் மூக்கை மாற்றி மாற்றி அடைப்பதாக நினைப்பார்கள், விட்டுவிடலாம்.

சுழல்மூச்சை நான் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்வேன். அது வேறு நுட்பத்துக்கு வேண்டும். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, ஒற்றை ஆளாகச் சுருதியை அறுபடாமல் நிறுத்துகிறாரே, அதுதான் சுழல்மூச்சு. அங்கே ஒருவரே இரண்டு வேலையும் செய்கிறார், சேர்ந்திசையில் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

முறைமூச்சுக்குத்தான் ஆதரவு அதிகம். முறைப்பாசனத்தை ஒட்டி அமைந்த நல்ல சொல், எனக்கும் முதலில் பிடித்தது. சிக்கல் இரண்டு. மூச்சுமுறை என்று முன்பின் மாறிவிட்டால் மூச்சுவிடும் வழிமுறை என்று வேறு பொருள் வந்துவிடுகிறது, அச்சில் இது கட்டாயம் மாறும். அடுத்தது, முறை என்றால் இன்னாருக்குப் பிறகு இன்னார் என்று வரிசை வேண்டும். எஸ்தோனியாவின் சேத்து மக்கள் பாடும் லேலோ என்ற கூட்டுப்பாட்டில் அப்படி ஒரு முறை இருக்கிறது: முன்பாடகி ஓர் அடியைப் பாடிக் கடைசி அசைகளுக்கு வரும்போதே மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், பிறகு அந்த அடியை அவர்கள் திரும்பப் பாடுவார்கள், அவருக்கு மூச்சு கிடைத்துவிடும். நாம் பேசுகிற நுட்பத்தில் அப்படி வரிசை கிடையாது. சில நடத்துநர்கள் பேர் சொல்லி இடம் குறித்துக் கொடுப்பது உண்டு, ஒரு குரல்பிரிவுக்கு இரண்டு மூன்று பேரே இருக்கும் சின்னக் குழுக்களில் வேறு வழியும் இல்லை, ஆனால் பெரும்பாலும் அவரவர் காதை நம்பித்தான் எடுக்கிறார்கள்.

என் முன்மொழிவு பகிர்மூச்சு. பகிர் என்றதும் வாட்சப் நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். மின் பகிர்மானத்தில் இருக்கிற பகிர்தான் இது, ஒரே இடத்தில் குவியாமல் பிரித்துக் கொடுப்பது. அப்புறம் இதற்கு எதிர்ச்சொல்லும் சேர்ந்தே கிடைக்கிறது: நடத்துநர் கையை உயர்த்தும்போது அத்தனை பேரும் ஒன்றாக உள்ளிழுப்பதைக் கூட்டுமூச்சு எனலாம். ஜெர்மன்காரர்கள் நம் நுட்பத்தையே ‘சேர்ந்திசை மூச்சு’ என்ற பொருளில் சொல்கிறார்கள், அதைப் பார்த்துக் கூட்டுமூச்சை இதற்கே வைத்துவிட்டால் ஒத்திகையில் குழப்பம்தான். ‘இந்தப் பத்தியில் பகிர்மூச்சு, அடுத்ததில் கூட்டுமூச்சு’ என்று நடத்துநர் சொன்னால் பாடுகிறவருக்கு விளக்கம் தேவைப்படாது.

மூச்சோடு எதைச் சேர்த்தாலும் கொஞ்சம் ஆஸ்பத்திரி வாடை வருகிறது என்று ஒரு நண்பர் குறைப்பட்டிருந்தார். மேல்மூச்சு, கடைசிமூச்சு எல்லாம் இருக்கும் மொழியில் அதைத் தவிர்க்க முடியாது. சுவாசம் என்று போட்டால் வாடை இன்னும் கூடும்.

எம். பி. சீனிவாசன் 1970களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வளர்த்த காலத்திலிருந்து சேர்ந்திசை என்ற சொல் நிலைத்துவிட்டது, தேவாலயங்களில் பாடகர் குழு என்பதும் அப்படியே. அந்த இரண்டையும் தொட வேண்டாம். பகிர்மூச்சு, கூட்டுமூச்சு இரண்டையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள், மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று இசைப்பதற்கு நம் பட்டியலில் ‘முனகல்’ என்று போட்டிருக்கிறோம், அதை எப்படியாவது மாற்றியாக வேண்டும், தனி இழையில் வருகிறேன்.