துன்ஹுவாங் குகைகளில் இருப்பது கறுப்புத் தோலா, கறுத்துப்போன சாயமா?

தூரிகைக்காரன்:
மூன்று நாளாக எல்லாக் குழுக்களிலும் ஒரே படம் சுற்றுகிறது. சீனாவின் கான்சூ மாகாணத்தில், கோபிப் பாலைவன ஓரத்தில் இருக்கும் பௌத்தக் குகைக் கோயில்களான துன்ஹுவாங் மோகாவ் குகைகளில் 254-ஆம் குகையின் சுவர். கன்னங்கரேலென்று போதிசத்துவர்கள், அதாவது புத்தராகப் போகிறவர்கள். கீழே "1,500 வருடத்துக்கு முன்பே சீனப் பாலைவனத்தில் தமிழர் முகங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். காஞ்சிப்பல்லவன் அதை இங்கேயும் கொண்டுவந்து போட்டு, "கறுப்பு பொய் சொல்லாது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

ஐயா, இங்கே பொய் சொல்வதே கறுப்புதான். வரைந்த அன்று அந்த முகங்கள் இளஞ்சிவப்பு. தோலுக்குக் குழைத்த சாயத்தில் சிவப்பு ஈயம் என்ற ஈயச் சேர்மப் பொடி இருந்தது. வெளிச்சமும் ஈரமும் பட்டுப்பட்டு, நூற்றாண்டுக் கணக்கில் அது கறுத்துவிட்டது. முகத்தின் ஓரத்தில் அழுத்தமான சிவப்பு, உள்ளே போகப்போக வெளிறிய சிவப்பு, மூக்குத் தண்டிலும் கண்ணிலும் வெள்ளை. இப்படித்தான் அன்று மேடுபள்ளம் காட்டினார்கள். சிவப்பு கறுத்தது, வெள்ளை அப்படியே நின்றது. சீனர்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: "சியாவ் எழுத்து முகம்". எஞ்சிய வெள்ளைக் கோடுகள், சின்னது என்று பொருள்படும் அவர்களுடைய எழுத்தைப் போலத் தெரிவதால் வந்த பெயர். இருபது வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். சாயம் கறுத்ததை இனம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

காஞ்சிப்பல்லவன்:
வாத்தியார் வந்துவிட்டார், எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஈயம் கறுக்கும் சரி. இந்தியத் தொடர்பும் கறுத்துப்போய்விட்டதா? 285-ஆம் குகையின் மேற்குச் சுவரில் யார் இருக்கிறார்கள் என்று ஏன் எழுதவில்லை? யானை முகத்தோடு பிள்ளையார் இருக்கிறார். முருகன் இருக்கிறார். காளைமேல் சிவன், மூன்று முகம். அதே குகையில் 538, 539 என்று ஆண்டுக் குறிப்பே எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மூரில் பிள்ளையாரைக் கும்பிட ஆரம்பித்த காலத்தைப் பற்றியே சண்டை போடுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? கடவுள் போயிருக்கிறார், ஆள் போகவில்லையா? ஆள் போயிருந்தால் அவன் நிறம் என்ன? கறுப்பு.

தூரிகைக்காரன்:
285-ஐ நான் மறுக்கவில்லை. நேரில் பார்த்திருக்கிறேன், கைவிளக்கு வெளிச்சத்தில். அந்தக் குகையை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரே கூரைக்குக் கீழே மகேசுவரனும் கணபதியும், அண்ணாந்தால் சீனப் புராணத்தின் ஃபூஷியும் நூவாவும். அதைக் கொண்டாடலாம். ஆனால் நம் பேச்சு பிள்ளையாரைப் பற்றியதா, 254-இன் கறுப்பைப் பற்றியதா? கறுப்பைப் பற்றியது. கறுப்பு ஈயம்.

பழையபஞ்சாங்கம்:
இருவருமே தவறு. அது புகை. 1921-இல் ரஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்று எல்லை தாண்டி வந்த "வெள்ளைப் படை" எனப்பட்ட போல்ஷெவிக் எதிர்ப்புப் படையினர் நூற்றுக்கணக்கானோரை இந்தக் குகைகளில்தான் அடைத்துவைத்தார்கள். உள்ளேயே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். கரி ஏறாமல் என்ன செய்யும்? இவ்வளவு எளிய விஷயத்துக்கு வேதியியல் எதற்கு?

தூரிகைக்காரன்:
ரஷ்யர்கள் அடைபட்டது உண்மை. புகை படிந்த குகைகள் இருப்பதும் உண்மை. ஆனால் புகைக்குக் கண் இருக்கிறதா ஐயா? போதிசத்துவரின் கன்னத்தில் மட்டும் படிந்து, ஒரு விரற்கடை தள்ளியிருக்கும் வெள்ளை மூக்கையும் பச்சைத் துணியையும் விட்டுவிட்டுப் போகுமா? போன வருடம் மாமல்லபுரப் பேச்சிலும் இப்படித்தான். அர்ச்சுனன் தபசா பகீரதன் தபசா என்று நாற்பது பதிவு போட்டீர்கள், ஒரு கேள்விக்கும் நேரே பதில் சொல்லவில்லை.

பழையபஞ்சாங்கம்:
அந்தப் பேச்சில் கடைசிப் பதிவு என்னுடையது. உங்களிடமிருந்து பதில் வரவில்லை. ஊரறியும்.

மலர்விழி:
ஒரு வேண்டுகோள். "இந்தியர் வரைந்தது", "இந்திய பாணி", "இந்தியரை வரைந்தது" இந்த மூன்றும் வேறுவேறு. எதைப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது.

காஞ்சிப்பல்லவன்:
எல்லாம் ஒன்றுதான் அம்மா. அஜந்தா முதல் குகையில் கறுப்பு இளவரசி இருக்கிறாள். அங்கே கறுப்பு, இங்கேயும் கறுப்பு. அஜந்தா பார்த்தவன்தான் துன்ஹுவாங் வரைந்தான். இடையில் ஈயம் எதற்கு?

தூரிகைக்காரன்:
அஜந்தாவில் வேண்டுமென்றே கறுப்பாகவும், பழுப்பாகவும், பச்சை கலந்தும் தோலைத் தீட்டினார்கள். பக்கத்திலேயே வெளுத்த ஆட்களும் இருப்பார்கள். மோகாவில் புத்தர் கறுப்பு, தேவர் கறுப்பு, ஆகாயத்தில் பறக்கிறவர்கள் கறுப்பு. 320-ஆம் குகையின் பறக்கும் அப்சரஸ்கள் சீனத் தாங் அரச வம்சக் காலத்தவர்கள், 254-க்கு ஏறக்குறைய இருநூற்றைம்பது வருடம் பிந்தியவர்கள். கொண்டை முதல் துகில் வரை சீன அழகு, தோல் மட்டும் கறுப்பு. அவர்களும் காஞ்சியிலிருந்து பறந்து வந்தார்களா?

அஜந்தாவோடு ஒப்பிடுவதென்றால் கல்லிலிருந்து தொடங்குங்கள். அஜந்தா இறுகிய எரிமலைப் பாறை, சிற்பத்தை அதிலேயே செதுக்கலாம். மோகாவ் மலை கூழாங்கல்லும் மணலும் சேர்ந்து இறுகியது. உளி வைத்தால் மூக்கு வராது, கல் உதிரும். அதனால்தான் மரச் சட்டம் நட்டு, நாணல் சுற்றி, வைக்கோல் கலந்த மண் அப்பி, மேலே வண்ணம் பூசினார்கள். அப்படி இரண்டாயிரத்துக்கு மேல் சிற்பங்கள். 96-ஆம் குகையின் 35.5 மீட்டர் புத்தரைக்கூட மலையில் ஓர் உருவமாகக் குடைந்து, மேலே மண் பூசித்தான் முடித்தார்கள். சுவரும் அப்படியே: மண் பூச்சு, காய்ந்த பிறகு வண்ணம். வருடத்துக்குச் சுமார் 40 மில்லிமீட்டர்தான் மழை. அதனால்தான் 45,000 சதுர மீட்டர் ஓவியம் நிற்கிறது. வெளியே மணல், குகை வாசலுக்கு முன்னால் ஒரு சிற்றாறு, நெட்டிலிங்கம் மாதிரி நெடுநெடுவென்று மரங்கள். கி.பி. 366-இல் லெசுன் என்ற துறவி அந்தி வெளிச்சத்தில் ஆயிரம் புத்தர்களைக் கண்டதாகச் சொன்ன இடம். அங்கே நின்றால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிகிறது. அவ்வளவையும் விட்டுவிட்டு, ஒரு கறுத்த கன்னத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்.

காஞ்சிப்பல்லவன்:
தொங்குவது நீங்கள்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: படத்தில் இருப்பது கறுப்பா இல்லையா? போதிதருமன் எங்கிருந்து போனான்? அவனுடைய போதனை என்று சொல்லப்படும் பழைய ஏடே அந்தக் குகையில்தானே கிடைத்தது?

தூரிகைக்காரன்:
ஏடு கிடைத்தது சரி, 17-ஆம் குகையில். அவருடைய சீடர் தான்லின் எழுதிய முன்னுரையில் தென்னிந்திய அரசரின் மூன்றாவது மகன் என்றுதான் இருக்கிறது, காஞ்சி என்ற பெயர் இல்லை. இன்னும் பழைய குறிப்பு, 547-ஐ ஒட்டி யாங் சுவான்ஜி எழுதியது, அவரைப் பாரசீகர் என்கிறது. அதையும் படத்துக்குக் கீழே போட்டுச் சுற்றவிடுவீர்களா?

காஞ்சிப்பல்லவன்:
தமிழன் என்றால் மட்டும் உங்களுக்கு ஆதாரம் வேண்டும். பாரசீகன் என்றால் உடனே நம்பிவிடுவீர்கள்.

வாசுகி:
17-ஆம் குகை என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 1900-இல் வாங் யுவான்லு என்ற தாவோ சாமியார் கண்டெடுத்த அறை அது. 1907-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் 130 பவுண்டு கொடுத்து, 24 பெட்டி ஏடும் 5 பெட்டி ஓவியமும் கொண்டுபோனார். அடுத்த வருடம் பிரெஞ்சு அறிஞர் பெலியோ வந்து அள்ளிப்போனார். 1924-இல் அமெரிக்கர் லாங்டன் வார்னர் சுவரிலிருந்தே ஓவியத்தைப் பெயர்த்தார். இந்தத் திருட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கறுப்பாம், ஈயமாம்.

பழையபஞ்சாங்கம்:
திருட்டு என்று சொல்லாதீர்கள். எடுத்துப்போகாவிட்டால் 868-இல் அச்சான வஜ்ரசூத்திரம் என்ற பௌத்த நூல் இன்று இருந்திருக்குமா?

வாசுகி:
மூடிய அறைக்குள் ஒன்பது நூற்றாண்டு இருந்தது, இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்திருக்காதா? ஸ்டைன் கொண்டுபோனதில் ஒரு பங்கு டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கையிலும் அந்தப் பொருள் இருக்கிறது. முதலில் அதைப் பேசுங்கள்.

மலர்விழி:
மறுபடியும் கேட்கிறேன். எந்த அர்த்தத்தில் "இந்திய" என்கிறோம்?

தூரிகைக்காரன்:
வாசுகி, திருட்டைத் தனியாகப் பேசலாம், நான் உங்கள் பக்கம். இப்போது ஆதாரம் தருகிறேன், பல்லவன் படிக்கட்டும். 263-ஆம் குகை. அதுவும் 254-ஐப் போல வடக்கு வெய் அரச வம்சக் காலத்தது. பல நூற்றாண்டுக்குப் பின்னால் மேற்குச் சியா அரசின் காலத்தில் அந்தச் சுவர்மேல் புதுப் பூச்சு பூசி வேறு ஓவியம் வரைந்துவிட்டார்கள். பிற்காலத்தில் அந்த மேல்பூச்சு நீங்கிய இடங்களில், காற்றும் வெளிச்சமும் படாமல் அடியில் கிடந்த பழைய ஓவியம் வெளிப்பட்டது. அங்கே முகங்கள் இளஞ்சிவப்பு. அதே காலம், அதே முறை, மூடியிருந்தது கறுக்கவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் தம்பி?

காஞ்சிப்பல்லவன்:
யார் உங்களுக்குத் தம்பி? எனக்கு ஐம்பத்திரண்டு வயது. 263-இல் வரைந்தவன் சீனனை வரைந்திருக்கலாம், 254-இல் வரைந்தவன் தமிழனை வரைந்திருக்கலாம். இரண்டு குகை, இரண்டு ஆள். உங்கள் ஈயத்தை வைத்து என் கேள்வியை மூட முடியாது.

தூரிகைக்காரன்:
254-இல் பசித்த புலிக்குத் தன் உடலைக் கொடுக்கும் இளவரசன் கதை இருக்கிறது. குன்றிலிருந்து குதிக்கிறவனும் அவனே, புலி வாயில் கிடப்பவனும் அவனே. ஒரே சுவர், ஒரே ஆள். அந்த உடம்பில் சில இடம் கருமை, சில இடம் சாம்பல், சில இடத்தில் இன்னும் பழைய சிவப்பு தெரிகிறது. ஒரே ஆளுக்கு எத்தனை இனம் ஐயா?

பழையபஞ்சாங்கம்:
சாம்பல் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். சாம்பல் எங்கிருந்து வரும்? அடுப்பிலிருந்து.

தூரிகைக்காரன்:
நான் சொன்னது சாம்பல் நிறம்! 263-ஐப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதில் வரும்வரை தினமும் இதே இடத்தில் 263 என்று எழுதுவேன்.

காஞ்சிப்பல்லவன்:
எழுதுங்கள். நானும் 254-இன் படத்தை இன்னும் பெரிதாக்கிப் போடுகிறேன். கண் இருப்பவர்கள் பார்க்கட்டும். கறுப்பு.

தூரிகைக்காரன்:
263.