ஒரே பிளேசார், இரண்டு ஆல்பா: பின்னணி ஒளியை அளப்பதில் எதை நம்புவது?

நீள்அலை:
செம்பெயர்ச்சி (தொலைவைக் காட்டும் எண்) 0.19 உள்ள பிளேசார், அதாவது மையக் கருந்துளையின் தாரை நம்மை நோக்கிப் பாயும் விண்மீன் மண்டலம். அதன் காமாக் கதிர்களை, விண்மீன் மண்டலங்கள் உமிழ்ந்து வெளியில் நிறைந்திருக்கும் பின்னணி ஒளி வழியில் உறிஞ்சுகிறது; அந்த உறிஞ்சலை வைத்துப் பின்னணி ஒளியை அளக்கப் பார்க்கிறேன். தரையிலிருந்து காமாக் கதிர்களைப் பிடிக்கும் செரன்கோவ் தொலைநோக்கித் தரவு 150 ஜி.இ.வி முதல் 2 டி.இ.வி வரை (1 டி.இ.வி = 1000 ஜி.இ.வி). காமாபை மென்பொருளில் டோமிங்கஸ் என்ற பின்னணி ஒளி மாதிரியைப் போட்டு, ஒளியியல் ஆழத்தை (உறிஞ்சலின் அளவு) பெருக்கும் எண்ணான ஆல்பாவைக் கட்டவிழ்த்துப் பொருத்தினேன்; மாதிரி சரி என்றால் ஆல்பா 1. மூல நிறமாலை (உறிஞ்சலுக்கு முந்தையது) அடுக்கு விதி, அதாவது லாக் வரைபடத்தில் நேர்கோடு என்றால் ஆல்பா 1.7; லாக்-பரவளைவு, அதாவது அதில் வளைகோடு என்றால் 0.5. உறிஞ்சலைத் திருத்திய புள்ளிகளில் கடைசி இரண்டு மேலே திரும்புகின்றன. எதை எடுத்துக்கொள்வது?

இணைத்துகள்:
இரண்டையும் வேண்டாம். அடுக்கு விதிக்கு வளையத் தெரியாது; மூலத்தில் இருக்கும் வளைவையும் சேர்த்துப் பின்னணி ஒளியின் கணக்கில் எழுதிவிடும். லாக்-பரவளைவோ, உறிஞ்சலால் வந்த வளைவில் பாதியைத் தானே விழுங்கிவிடும். உங்கள் தரவு தொடங்குவதே உறிஞ்சல் தொடங்கிய இடத்தில்தான், இரண்டையும் பிரிக்கப் பிடிமானம் இல்லை.

அந்தப் பிடிமானம் ஃபெர்மி-எல்.ஏ.டி என்ற விண்வெளிக் காமாத் தொலைநோக்கியின் தரவில் கிடைக்கும். இந்தத் தொலைவில் 50 ஜி.இ.விக்குக் கீழே உறிஞ்சல் பொருட்படுத்தத் தக்கதல்ல, 1–50 ஜி.இ.வி பகுதி மூலத்தின் வடிவத்தை அப்படியே காட்டும். இரு தரவுகளையும் ஒரே மாதிரியோடு சேர்த்துப் பொருத்துங்கள். வளைவு எண் பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி வரம்பு வையுங்கள். பிறகு ஆல்பாவை 0 முதல் 3 வரை 0.05 படிகளில் நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் மற்ற அளவுருக்களை மறுபடி பொருத்தி லைக்லிஹுட் (மாதிரி தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) வளைகோட்டை வரையுங்கள். அது தட்டையாக வந்தால் உங்கள் தரவில் விடை இல்லை என்று பொருள்.

மறுகணக்கு:
மேலே திரும்பும் புள்ளிகளைப் பார்த்துப் புது இயற்பியல் தேட வேண்டாம். ஒளியியல் ஆழம் 3 என்றால் திருத்தம் 20 மடங்கு. செங்குத்தாகச் சரியும் நிறமாலையில், ஆற்றல் பிரிதிறன் 15 சதவீதமாக இருந்தாலே கீழ் ஆற்றல் கட்டத்தில் பதிய வேண்டிய நிகழ்வுகள் (பிடிபட்ட காமாக் கதிர்கள்) மேல் ஆற்றல் கட்டத்தில் வழிந்து சேரும். அந்த மிகையையும் 20-ஆல் பெருக்குகிறீர்கள். சமிக்ஞை கிடைக்காத கட்டங்களைத் தூக்கி எறிந்திருந்தால் இன்னும் மோசம்: தற்செயலாக உயர்ந்தவை மட்டுமே மிஞ்சும். புள்ளிகளைத் திருத்துவதை விட்டுவிட்டு, உறிஞ்சப்பட்ட மாதிரியைக் கருவியின் மறுவினையோடு (கருவி எதை எப்படிப் பதியும் என்ற கணக்கு) மடித்து, பதிவான நிகழ்வு எண்ணிக்கைகளோடு நேரடியாக ஒப்பிடுங்கள்.

ஆற்றல் அளவுகோலையும் 15 சதவீதம் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நிறமாலையின் சரிவைச் சொல்லும் அடுக்கெண் 3.5 என்றால் ஃபிளக்ஸ் (வந்து சேரும் கதிர்களின் அளவு) 40 சதவீதம் வரை மாறும். ஃபெர்மியோடு இணைக்கும் இடத்தில் அந்தப் படி பொய்யான வளைவாகத் தெரியும்.

நுண்துகள்:
ஒன்று சேர்க்கிறேன். காமாக் கதிர் பின்னணி ஒளித்துகளோடு மோதி உறிஞ்சப்படும் வாய்ப்பு உச்சமாகும் பின்னணி ஒளியின் அலைநீளம், மைக்ரானில், ஏறக்குறைய 1.24 × டி.இ.வியில் காமாக் கதிரின் ஆற்றல். ஆக, உங்கள் தரவு தொடுவது தோராயமாக 0.2 முதல் 2.5 மைக்ரான். ஆல்பா மாதிரி முழுவதையும் பெருக்குகிறது என்பதற்காக 10 மைக்ரானைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. அதற்கு மார்க்கேரியன் 501 போன்ற அருகிலுள்ள மூலத்தின் 10 டி.இ.வி தரவு வேண்டும்.

செம்பெயர்ச்சி நிறமாலைக் கோடுகளிலிருந்து வந்ததா என்றும் பாருங்கள். பி.கே.எஸ் 1424+240 என்ற பிளேசாருக்கு, விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலுள்ள வாயுவின் உறிஞ்சல் கோடுகள் முதலில் தந்தது 0.6035 என்ற கீழ்வரம்பு மட்டுமே.

நீள்அலை:
ஒரே காலத்து ஃபெர்மித் தரவு போதாது, நிகழ்வுகள் மிகக் குறைவு. பல வருடச் சராசரியைப் போடலாமா?

இணைத்துகள்:
இணைப் பொருத்தலில் போடாதீர்கள், பிளேசார் நிலை மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் வரம்பாகப் பயன்படும்: டி.இ.வி பகுதியின் மூல அடுக்கெண், ஃபெர்மி அடுக்கெண்ணைவிடத் தட்டையாக இருக்கக் கூடாது என்று கட்டுங்கள். கிடைப்பது அளவீடு அல்ல, பின்னணி ஒளிக்கு ஒரு மேல்வரம்பு. 2006-இல் எச்.இ.எஸ்.எஸ். செரன்கோவ் தொலைநோக்கிக் குழு 1இ.எஸ் 1101-232 என்ற பிளேசாரில் இதே வழியில், அடுக்கெண் 1.5-க்குக் குறையாது என்று வைத்துத்தான் வரம்பு கண்டது. அளவீடே வேண்டுமென்றால் பல மூலங்களின் லைக்லிஹுட் வளைகோடுகளைக் கூட்ட வேண்டும். ஃபெர்மி குழு 2018-இல் 739 பிளேசார்களைச் சேர்த்தது.