ஜோடி ஏரியஸ் வழக்கு: இதை நாம் பார்க்கத்தான் வேண்டுமா?

கரிசல்மண்:

ஜோடி ஏரியஸ் வழக்கின் நீதிமன்றக் காட்சிகளை இன்றைக்கும் மணிக்கணக்கில் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் நேராகவே கேட்கிறேன், அதில் எதைத் தேடுகிறீர்கள்?

தெரியாதவர்களுக்குச் சுருக்கம். 2008 ஜூன் 4 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் மேசா நகரில் டிராவிஸ் அலெக்சாண்டர் என்ற 30 வயது இளைஞர் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். இருபதுக்கும் மேற்பட்ட கத்திக்குத்து, கழுத்தில் ஆழமான வெட்டு, தலையில் ஒரு தோட்டா. உடலை நண்பர்கள் கண்டது ஐந்து நாள் கழித்து. முன்னாள் காதலியான ஜோடி ஏரியஸ் முதலில் அங்கே போகவே இல்லை என்றார், அப்புறம் முகத்தை மறைத்த இருவர் வந்து கொன்றார்கள் என்றார், கடைசியில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கொன்றேன் என்றார். 2013 ஜனவரியில் தொடங்கிய விசாரணை மாதக்கணக்கில் நேரலையில் ஓடியது. மே 8 அன்று, திட்டமிட்ட கொலை என்று, பொதுமக்களிலிருந்து எடுத்த பன்னிரண்டு பேர் குழுவான ஜூரி முடிவு சொன்னது.

அந்த இருவரும் பிரிந்த பிறகும் அந்தரங்கமாகப் பேசிக்கொண்ட தொலைபேசிப் பதிவு ஒன்றை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள். செத்தவரின் உடன்பிறந்தவர்கள் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜூரி கேட்டாக வேண்டும், சரி. ஊர் உலகமெல்லாம் ஏன் கேட்க வேண்டும்? டிராவிஸைப் பற்றி எதிர்த்தரப்பு, அதாவது ஏரியஸின் தரப்பு, சொன்ன அத்தனை அசிங்கத்துக்கும் பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. முறிந்துபோன ஒரு காதலும் அதன் முடிவில் விழுந்த ஒரு பிணமும் நமக்குப் பொழுதுபோக்காகிவிட்டது, அதைத்தான் தவறு என்கிறேன்.

வழிப்போக்கன்:

கரிசல் அண்ணா, அதில் பெரும்பகுதியைப் பார்த்தவன் நான், பார்த்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

விசாரணை என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்தது சினிமா வசனம்தான். ஆதாரம் என்பது எவ்வளவு சின்னச் சின்னத் துண்டுகளாக வந்து சேர்கிறது என்பதை எனக்குக் காட்டியது இந்த வழக்கு. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு கேமரா கிடக்கிறது. படங்களை அழித்திருக்கிறார்கள், தடயவியல்காரர்கள் மீட்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகியிருக்கிறது. மாலை 5.29க்கு டிராவிஸ் ஷவரில் உயிரோடு இருக்கும் கடைசிப் படம், அடுத்த சில நிமிடங்களுக்குள் யாரும் வேண்டுமென்று எடுக்காத, தவறி விழுந்த கேமரா தானாக எடுத்தது போன்ற படங்கள், அதில் உடல் தரையில் கிடக்கிறது. அங்கே போகவே இல்லை என்ற பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

அப்புறம் அந்தப் பெட்ரோல் கேன். கலிபோர்னியாவிலிருந்து கிளம்பும்போது ஏரியஸ் தன் பழைய காதலர் ஒருவரிடம் இரண்டு கேன் இரவல் வாங்குகிறார், வழியில் மூன்றாவது ஒன்றைக் கடையில் வாங்குகிறார். அரிசோனாவுக்குள் எங்கேயும் பெட்ரோல் போட நிற்காமல் போய்த் திரும்பத்தான் இந்த ஏற்பாடு என்பது அரசுத் தரப்பின் வாதம். மூன்றாவது கேனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சாட்சிக் கூண்டில் சொன்னார். அந்தக் கடையின் ஊழியரே வந்து, அப்படி எதுவும் திரும்பி வந்ததாகப் பதிவில் இல்லை என்றார். கொலை நடந்தது கோபத்திலா திட்டத்திலா என்ற கேள்விக்கு ஒரு பிளாஸ்டிக் கேன் பதில் சொல்கிறது! இதைப் பார்ப்பது கிளுகிளுப்புக்கு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அரிசோனாவில் ஜூரிகளே எழுத்தில் கேள்வி கேட்கலாம் என்பதும் எனக்கு இதில்தான் தெரிந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டார்கள். ஏரியஸ் 18 நாள் கூண்டில் இருந்தார். கொன்ற நேரம் மட்டும் நினைவில்லை என்கிறீர்களே, மற்றதெல்லாம் எப்படி நினைவிருக்கிறது என்ற ரீதியில் சாதாரண மனிதர்கள் கேட்டதைப் பார்த்தபோது எனக்கு அந்த முறையின் மேல் மரியாதைதான் வந்தது.

நிலாமுற்றம்:

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கணவனோ காதலனோ, விட்டுப் பிரிந்துபோன பெண்ணைக் கொல்லும் வழக்குகள் எல்லா நாட்டிலும் நடந்துகொண்டே இருக்கின்றன, பெரும்பாலும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடும். இங்கே கொன்றது பெண். பார்க்க லட்சணமானவள். முடி நிறம் மாறியது, மூக்குக்கண்ணாடி போட்டது, எல்லாமே விவாதம். அவர் செய்தது கொலை, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனால் பெட்ரோல் கேனுக்காகத்தான் பார்த்தோம் என்று சொல்லாதீர்கள் வழிப்போக்கன் தம்பி. நீங்கள் வேண்டுமானால் அதற்காகப் பார்த்திருக்கலாம், கூட்டம் கூடியது அதற்கில்லை.

கரிசல்மண்:

நிலா அக்கா சொன்னதுதான். கூட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். டிராவிஸ் ஏரியஸைக் கொடுமைப்படுத்தினார் என்று வாதாடிய எதிர்த்தரப்புக்காகக் குடும்ப வன்முறை பற்றி ஒரு நிபுணர் சாட்சி சொன்னார், அலிஸ் லாவயலெட் என்ற பெண்மணி. அவர் சொன்னதை ஏற்காமல் இருக்கலாம், நானும் ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுதிய புத்தகத்தைப் படித்தே பார்க்காதவர்கள் அமேசானில் போய் மிகக் குறைந்த மதிப்பெண்களாகக் குவித்தார்கள், அவரைப் பேச அழைத்திருந்த இடங்களுக்குக் கோபமான அழைப்புகள் போயின. அடுத்த வழக்கில் ஒரு நிபுணரைக் கூப்பிட்டால் வருவாரா? அடிபட்ட ஒரு பெண், உண்மையிலேயே அடிபட்டவள், சாட்சி தேடும்போது யார் வருவார்கள்?

அரசு வழக்கறிஞர் யுவான் மார்ட்டினெஸ் நீதிமன்ற வாசலில் ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு மனிதனின் உயிரை எடுக்கச் சொல்லி வாதாடிக்கொண்டிருக்கும் நடு விசாரணையில்!

பழைய வாசகன்:

இது புதிதில்லை தம்பிகளா. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலனான பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்ற வழக்கை நினைத்துப் பாருங்கள். பிளிட்ஸ் பத்திரிகை நானாவதியை மானம் காத்த வீரனாகவே எழுதித் தள்ளியது. 25 பைசா இதழ் இரண்டு ரூபாய்க்கு விற்றதாகச் சொல்வார்கள். ஜூரி எட்டுக்கு ஒன்று என்று குற்றமற்றவர் என்றது, நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை ஆனது, உச்ச நீதிமன்றமும் 1961இல் அதை உறுதி செய்தது. பின்னால் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார். இதில் அகுஜாவின் பக்கத்தை அன்று எத்தனை பேர் கேட்டார்கள்? கூட்டம் முதலில் ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறது, அப்புறம்தான் சாட்சியம் பார்க்கிறது.

வழிப்போக்கன்:

ஐயா, நீங்கள் சொன்ன வழக்கு என் பக்கம்தான் பேசுகிறது. நானாவதி விசாரணையை மக்கள் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு பத்திரிகை என்ன எழுதியதோ அதுதான் அவர்களுக்கு நீதிமன்றம். கேமரா இருந்திருந்தால் அகுஜாவின் சகோதரி கொடுத்த சாட்சியத்தையும் நேரில் கேட்டிருப்பார்கள், பிளிட்ஸ் சொல்வது பொருந்துகிறதா என்று அவர்களே பார்த்திருப்பார்கள். நேரலை வந்தபிறகு இடைத்தரகர் தேவையில்லை.

நிபுணரை விரட்டியது அயோக்கியத்தனம். சந்தேகமே இல்லை. அதைச் செய்தவர்களைப் பிடியுங்கள், நீதிமன்றக் கதவைச் சாத்தாதீர்கள்.

கரிசல்மண்:

இடைத்தரகர் தேவையில்லையா? பகல் முழுக்க நேரலை, இரவானால் அதே சேனலில் நாலு பேர் உட்கார்ந்து அவள் அழுதது நடிப்பா இல்லையா என்று அலசல். 18 நாள் சாட்சியத்தை வேலைவெட்டியை விட்டுவிட்டு யார் முழுதாகப் பார்ப்பார்கள்? பெரும்பாலானவர்கள் பார்த்தது அந்த இரவு நிகழ்ச்சியைத்தான். பிளிட்ஸ் வேலையை அது செய்தது.

வாய்தா:

சட்டம் படிக்கிறவன், சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

2013இல் குற்றவாளி என்று முடிவு சொன்ன ஜூரியால் மரண தண்டனையா என்பதில் ஒருமித்து வர முடியவில்லை. அதனால் தண்டனைக்கு மட்டும் புதிய ஜூரியோடு 2014 அக்டோபரில் மறுபடி தொடங்கினார்கள். நீதிபதி ஷெர்ரி ஸ்டீவன்ஸ் இந்த முறை நேரலையைத் தடுத்தார்: படம் பிடிக்கலாம், முடிவு வரும்வரை ஒளிபரப்பக் கூடாது. அதோடு நிற்காமல் ஏரியஸின் சாட்சியத்தை மூடிய அறையில் எடுக்கவும் அனுமதித்தார், செய்தி நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போய் அதைத் தடுத்துவிட்டன. அந்த இடத்தில் வழிப்போக்கன் சொல்வதை நான் முழுதாக ஏற்கிறேன், குற்றவாளி என்று முடிவான ஒருவர் தன் உயிருக்காகப் பேசுவதை ஊர் பார்க்காமல் செய்வது ஆபத்தான வழக்கம்.

ஆனால் 2015 மார்ச்சில் நடந்ததையும் பாருங்கள். 11 பேர் மரண தண்டனை என்கிறார்கள், ஒரே ஒரு பெண் மறுக்கிறார். மறுபடியும் முடிவில்லை, அதனால் மரண தண்டனை போய்விட்டது. ஏப்ரலில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. அந்த ஒரு ஜூரியின் பெயர் உடனே இணையத்தில் வந்துவிட்டது, மிரட்டல்கள் குவிந்தன. நேரலை இல்லாதபோதே இது நடந்தது.

இதில் இன்னும் மோசமான பகுதி இருக்கிறது. அந்தப் பெயரை, வழக்கைப் பற்றி எழுதிவந்த ஒரு வலைப்பதிவருக்குச் சொன்னதாக அரசு வழக்கறிஞர் மார்ட்டினெஸ் மேலேயே ஒழுங்கு நடவடிக்கையில் குற்றச்சாட்டு வந்தது. அவர் மறுத்தார், ஆனால் 2020இல் வழக்கறிஞர் உரிமத்தை இழக்கத் தானே சம்மதித்தார். அதே ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுத் தரப்பின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தது, ஆனாலும் ஆதாரம் அவ்வளவு வலுவாக இருந்ததால் தீர்ப்பை அப்படியே விட்டது.

நிலாமுற்றம்:

அந்தப் பெண்ணை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. பதினோரு பேர் சுற்றி உட்கார்ந்து அழுத்தும்போது தன் மனசாட்சிக்குச் சரி என்று பட்டதைச் சொன்னவர். சட்டம் அவரிடம் கேட்டதே அதைத்தான்.

வழிப்போக்கன்:

வாய்தா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பெயர் வெளியே போனதற்குக் காரணம் பார்வையாளனா, உள்ளே இருந்தவரா? மார்ட்டினெஸின் நடத்தை வெளியே வந்ததும் அவ்வளவு கண்கள் அவர் மேல் இருந்ததால்தான். நீதிபதி இரண்டாவது முறை செய்ததே எனக்குப் போதும்: முழுவதையும் படம் பிடியுங்கள், தீர்ப்பு வந்த மறுநாள் ஒரு நொடி கூட வெட்டாமல் வெளியிடுங்கள். இரவு அலசல்காரர்களுக்கு வேலை இருக்காது, ஜூரிக்கும் அழுத்தம் இருக்காது.

கரிசல்மண்:

இது எனக்கும் சரிப்படும். ஒரு திருத்தம்: அந்தத் தொலைபேசிப் பதிவு மாதிரியானவை அதிலும் இருக்கக் கூடாது. செத்தவரின் குடும்பம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வாய்தா:

அங்கேதான் சிக்கல், அண்ணா. டிராவிஸ் தன்னைக் கொடுமைப்படுத்தினார் என்ற எதிர்த்தரப்பு வாதத்துக்கு அந்தப் பதிவு ஒரு முக்கிய ஆதாரம். அதை வெட்டிவிட்டு மீதியைக் காட்டினால் ஏரியஸ் தரப்பில் சொல்ல ஒன்றுமே இல்லாதது போல ஆகிவிடும். எழுத்து வடிவம் மட்டும் வெளியே வரட்டும், குரல் வேண்டாம் என்றால் உங்களுக்குச் சம்மதமா?

கரிசல்மண்:

குரல் இல்லாமல் என்றால் யோசிக்கலாம். அப்படி வந்தால் எத்தனை பேர் படிப்பார்கள் என்று பார்ப்போம்.